மூன்று நிமிடத்தில் ஒரு போர்க்களம்: போர்ப் பாடல்களைப் புரிந்துகொள்ள ஓர் எளிய அறிமுகம்

போரைப் பற்றிய பிரபலமான பாட்டு ஒன்று எங்காவது ஒலித்தால் கூடவே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "நடந்ததை அப்படியே சொல்லியிருக்காங்க" என்பார் ஒருவர். "இதெல்லாம் சும்மா உசுப்பேத்துற பாட்டு" என்பார் மற்றவர். பெரும்பாலான நேரங்களில் இருவர் சொல்வதும் பொருந்துவதில்லை. வரலாறு என்று நம்பப்படும் பாட்டில் தளபதியின் பதவியே பிழையாக இருக்கும். தேசபக்திப் பாட்டு என்று ஒலிபெருக்கியில் அலறும் பாட்டின் உள்ளே, வேலை கிடைக்காமல் அலையும் முன்னாள் சிப்பாய் ஒருவன் புலம்பிக்கொண்டிருப்பான்.

ஒரு போர் பாட்டாக மாறும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. பாட்டுக்குள் பேசுவது யார், போரின் எந்தத் துண்டு வெட்டி எடுக்கப்பட்டது, எந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. இவற்றைக் கவனிக்க இசையறிவோ ராணுவ அறிவோ வேண்டியதில்லை.

## முதலில் வெட்டு

டெஸ்ட் கிரிக்கெட் ஐந்து நாள் நடக்கிறது. இரவில் காட்டும் தொகுப்பு பத்து நிமிடம். ரன்னே வராத ஓவர்கள், மழை நிற்கக் காத்திருந்த நேரம் எல்லாம் போய்விடும். விக்கெட்டும் சிக்ஸரும் மட்டும் நிற்கும். அதில் பொய் எதுவும் கிடையாது, காட்டிய ஒவ்வொரு பந்தும் உண்மையிலேயே வீசப்பட்டதுதான். ஆனால் தொகுப்பை மட்டும் பார்த்தவர், நிமிடத்துக்கொரு விக்கெட் விழுவதுதான் ஆட்டம் என்று நினைத்துக்கொள்வார்.

போர்ப் பாட்டில் நடப்பதும் இதேதான். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரை எடுத்துக்கொள்வோம். அதில் இறந்த பிரிட்டிஷ் படையினர் சுமார் 21,000 பேர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காலரா, வயிற்றுப்போக்கு, டைஃபஸ் போன்ற நோய்கள். இன்று அந்தப் போரில் நமக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு காட்சி: 1854 அக்டோபர் 25, பாலக்லாவா. தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஓர் உத்தரவை நம்பிச் சுமார் 670 குதிரை வீரர்கள், இரண்டு கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். போய்த் திரும்பியது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இருபது நிமிடம். சுமார் 110 பேர் இறந்தார்கள். இந்தப் பாய்ச்சலைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கவிதை அதே ஆண்டு டிசம்பரில் அச்சேறியது. 129 ஆண்டுகள் கழித்து, 1983இல் அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு அதே பாய்ச்சலை 'த ட்ரூப்பர்' என்ற பாட்டாக்கியது. ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற காலராவுக்கு அப்படியொரு பாட்டு வாய்க்கவில்லை.

இப்படி வெட்டுவதற்குக் கலைக் காரணம் மட்டுமல்ல, பொருள் சார்ந்த காரணமும் உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட ஒலிதான் கொள்ளும். வானொலியும் அந்த அளவுக்கே பழகிவிட்டது. மூன்று நிமிடத்தில், திரும்ப வரும் வரிகளைக் கழித்தால், 200 முதல் 300 சொற்கள் பாடலாம். ஒரு போரின் காரணம், படைகளின் நகர்வு, உணவு வண்டி, மருத்துவக் கூடாரம் எல்லாவற்றையும் அதில் திணிக்க முடியாது. ஒரு மலையை, ஒரு கப்பலை, ஒரு காலைப்பொழுதைத்தான் பாட முடியும்.

அப்படி ஒரு நிகழ்ச்சியைத் தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாகச் சொல்லிப் போகும் பாட்டைக் கதைப்பாடல் என்கிறோம். கதைப்பாடலுக்கு உச்சக்கட்டம் வேண்டும். நோயில் சாகும் படைக்கு உச்சக்கட்டம் கிடையாது.

## பாடுபவர் வேறு, பேசுபவர் வேறு

குரல் பாடகருடையது. ஆனால் பாட்டுக்குள் 'நான்' என்றோ 'நாங்கள்' என்றோ பேசுகிற ஆள் வேறு. அந்த ஆளைக் கதைசொல்லி என்போம். போர்ப் பாட்டைப் பற்றிய சண்டைகளில் பாதி, பாடகரையும் கதைசொல்லியையும் ஒருவராக எண்ணுவதால் வருகிறது. கதைசொல்லியைக் கண்டுபிடிக்கப் பிரதிப்பெயரைப் பார்த்தால் போதும்.

'நாங்கள்' என்று பேசும் பாட்டு கேட்பவரையும் படையில் சேர்த்துவிடும். 1959இல் ஜானி ஹார்ட்டன் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த 'த பேட்டில் ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' அப்படிப்பட்டது. அமெரிக்கத் தரப்பின் 'நாங்கள்' சுட்டோம், பிரிட்டிஷார் முட்புதரில் விழுந்தடித்து ஓடினார்கள் என்று கும்மாளமாகப் போகும். 1815இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் அருகே நடந்த அந்தச் சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தோர், காயமடைந்தோர், பிடிபட்டோர் சேர்த்துச் சுமார் 2,000 பேர். அவர்களுடைய தளபதி பாக்கன்ஹாமும் களத்திலேயே இறந்தார். அமெரிக்கத் தரப்பின் இழப்பு நூறைத் தொடவில்லை. 'நாங்கள்' சிரிக்க முடிந்ததற்கு இதுதான் காரணம். ஹார்ட்டன் பாடிய வடிவத்தில் பாக்கன்ஹாம் வருவதே இல்லை.

'நான்' என்று பேசும் பாட்டு பார்வையைச் சுருக்குகிறது. 'த ட்ரூப்பர்' ஒற்றைக் குதிரை வீரனின் வாயால் சொல்லப்படுகிறது. உத்தரவு எங்கே தவறிப் போனது என்பது அவனுக்குத் தெரியாது. எதிரே புகை, பக்கத்தில் விழும் குதிரை, அவ்வளவுதான் அவன் உலகம். 'பாட்டில் அரசியல் இல்லையே' என்று குறை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. களத்தில் நிற்கும் சிப்பாய்க்கு உண்மையிலேயே அவ்வளவுதான் தெரியும். பாட்டின் முடிவில் அவன் சாகிறான். செத்தவன் எப்படிப் பாடுவான் என்று நம்மில் யாரும் கேட்க மாட்டோம். கலிங்கத்துப் பரணியில் போரைக் காளிக்கு எடுத்துச் சொல்வதே ஒரு பேய்தானே.

'அவர்கள்' என்று வெளியே நின்று புகழும் பாட்டும் உண்டு. 1966இல் வந்த 'த பேலட் ஆஃப் த கிரீன் பெரேஸ்' அமெரிக்கச் சிறப்புப் படையைப் போற்றுவது. பாடிய பாரி சாட்லர் பணியில் இருந்த ராணுவத்தார். ஆனாலும் பாட்டு 'நான் கண்டேன்' என்று பேசுவதில்லை. வியட்நாம் என்ற பெயரும் அதில் இல்லை. சிப்பாய் பாடினால் அது சிப்பாயின் சாட்சியம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களைப் பார்த்து 'நீங்கள்' என்று பேசும் பாட்டு. 1963 ஜனவரி 27 அன்று டெல்லியில், பிரதமர் நேருவின் முன்னால் லதா மங்கேஷ்கர் பாடிய 'ஏ மேரே வதன் கே லோகோ' இந்த வகை. கவி பிரதீப் எழுதி, சி. ராமச்சந்திரா இசையமைத்தது. 1962 சீனப் போர் முடிந்து இரண்டு மாதம் சொச்சம் ஆகியிருந்த நேரம் அது. பாட்டு போர்க்களத்தில் நிற்பதில்லை. உயிரோடு இருப்பவர்களை நோக்கி, போனவர்களை நினைத்துப் பாருங்கள் என்கிறது.

இதுவரை பார்த்ததன் சாரம்: பாட்டு போரின் ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறது, அந்தத் துண்டை ஒருவருடைய கண்ணால் காட்டுகிறது. கண் மாறினால் அதே போர் கொண்டாட்டமாகவும் ஆகும், ஒப்பாரியாகவும் ஆகும்.

## பல்லவி சரணத்தை விழுங்கும்போது

பல்லவி என்பது திரும்பத் திரும்ப வரும் பகுதி. சரணம் ஒவ்வொரு முறையும் புதிய வரிகளோடு கதையை நகர்த்தும் பகுதி. போர்ப் பாட்டில் செய்தி பெரும்பாலும் சரணத்தில் இருக்கும், உணர்ச்சி பல்லவியில் இருக்கும். கூட்டம் சேர்ந்து பாடுவது பல்லவியைத்தான். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்தால் வெல்வது எப்போதும் பல்லவி.

இதற்கு மிகப் பெயர் பெற்ற உதாரணம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1984 பாட்டு 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.'. சரணங்களில் ஒரு சிறுநகரத்து இளைஞன் ஏதோ வம்பில் மாட்டுகிறான், கையில் துப்பாக்கி கொடுத்து வியட்நாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வந்தால் ஆலையில் வேலை இல்லை. முன்னாள் படையினருக்கான அலுவலகத்தில் கையை விரிக்கிறார்கள். அண்ணனோ தம்பியோ ஆன ஒருவன் கே சான் என்ற இடத்தில் மாண்டுபோயிருக்கிறான். பத்து ஆண்டு கழித்தும் போக்கிடம் இல்லை. இத்தனைக்கும் நடுவே வரும் பல்லவி, தான் அந்த நாட்டில் பிறந்தவன் என்ற ஒரே வாக்கியம்.

சரணத்தோடு சேர்த்துக் கேட்டால் அது கசப்பு: இங்கே பிறந்தவனுக்கு இதுதானா கிடைப்பது? பல்லவியை மட்டும் கேட்டால் அது மார்தட்டல். 1984 செப்டம்பரில், தேர்தல் பிரசார நேரத்தில், அதிபர் ரீகன் நியூ ஜெர்சியில் பேசியபோது ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுகளில் இருக்கும் நம்பிக்கைச் செய்தியைப் பாராட்டினார். பாட்டின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோடையில் நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது இந்தப் பாட்டு இடம்பெற்ற இசைத்தொகுப்புதான்.

கேட்பவர்கள் கவனமில்லாதவர்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஒலியமைப்பே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. வெடி போட்டது போன்ற முரசடி, ஆறு சுரத்துக்குள் அடங்கும் எக்காளம் போன்ற சிந்தசைசர் இசை, தொண்டை கிழியும் குரல். சரணத்தின் சொற்கள் அந்த இரைச்சலில் பாதி கரைந்துவிடும். இதற்கு ஒரு நல்ல சோதனை கைவசம் இருக்கிறது. இதே பாட்டை 1982இல் அவர் தனிக் கிட்டாரோடு பதிவு செய்திருந்தார், அது 1998இல்தான் வெளிவந்தது. சொற்கள் கிட்டத்தட்ட அவையே. அதைக் கேட்ட எவரும் கொடியேற்றப் பாட்டு என்று நினைக்க முடியாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், இந்தக் கட்டுரையின் பாதி புரிந்துவிடும்.

## தாளம் உடம்போடு பேசுகிறது

பல நாட்டுப் படைகளில் விரைவு நடை நிமிடத்துக்குச் சுமார் 120 அடி. ஒரு பாட்டு அந்த வேகத்தில், சீரான முரசடியோடு வந்தால், சொல் என்னவாக இருந்தாலும் கால் தானாக அணிவகுப்பு நடைக்குப் போகும். வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். 15 விநாடிகளில் எத்தனை தட்டு வருகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். சிறப்புப் படையைப் போற்றும் மேற்சொன்ன பாட்டில் பின்னால் ஓடும் சிறுமுரசு இந்த வேலையைத்தான் செய்கிறது.

'த ட்ரூப்பர்' பாட்டின் தாளத்தை யாப்புச் சொல்லில் சொல்வதென்றால் ஒரு நெடில், இரண்டு குறில், மறுபடி ஒரு நெடில், இரண்டு குறில். குதிரைக் குளம்பொலி. வீரன் சாகப் போகிறான் என்று சொல் சொல்கிறது, தாளமோ பாய்ச்சலின் போதையைத் தருகிறது. அந்தப் பாட்டு போரை எதிர்க்கிறதா, ரசிக்கிறதா என்ற வாதம் முடியாததற்கு இதுவே காரணம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

## பெயர், தேதி, எண்: பிழை எங்கே நுழைகிறது

பாட்டில் உள்ள தகவலைப் பிழை பிடிப்பது எளிது. அந்தப் பிழை ஏன் வந்தது என்று பார்ப்பதுதான் பயனுள்ள வேலை.

நியூ ஆர்லியன்ஸ் பாட்டுக்கே திரும்புவோம். முதல் வரி 1814 என்று ஆண்டு சொல்லித் தொடங்குகிறது, அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனைக் கர்னல் என்கிறது. முக்கியச் சண்டை நடந்ததோ 1815 ஜனவரி 8. ஜாக்சன் அப்போது மேஜர் ஜெனரல். ஆண்டு விஷயத்தில் பாட்டைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, அது சொல்வது புறப்பட்ட கதையை. பதவி மட்டும் பிழை. இரண்டு அசைச் சொல் தேவைப்படும் இடத்தில் ஐந்து அசைப் பதவி உட்காராது. இதில் வேடிக்கை என்னவென்றால், சரியான தேதி மெட்டில் ஒளிந்திருக்கிறது. 'ஜனவரி எட்டு' என்ற பெயரிலேயே வழங்கிவந்த பழைய பிடில் மெட்டுக்குத்தான் ஜிம்மி டிரிஃப்ட்வுட் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்களுக்கு வரலாறு சொல்லித்தர இந்தச் சொற்களைக் கட்டினார். பீரங்கி உருகிவிட்டதால் முதலையைப் பிடித்துக் குண்டு நிரப்பிச் சுட்டோம் என்றும் பாட்டு சொல்கிறது. அதை யாரும் நம்பப் போவதில்லை, ஆகவே கெடுதல் இல்லை.

பாட்டு சொல்லாத ஒரு செய்தி இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. அமெரிக்க, பிரிட்டிஷ் தூதர்கள் இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1814 டிசம்பர் 24. செய்தி கடல் கடந்து வர வாரக்கணக்கானது. இரண்டு வாரம் கழித்து நடந்த இந்தச் சண்டையில் மாண்டவர்கள், சமாதானம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்ட போரில் மாண்டவர்கள். இந்த ஒரு தகவலைச் சேர்த்திருந்தால் கும்மாளப் பாட்டு அங்கேயே உடைந்திருக்கும்.

அடுத்த வகைப் பிழை, ஓசைக்கும் படிமத்துக்கும் இணங்கிப் போவதால் வருவது. எரிக் போகல் 1971இல் எழுதிய 'அண்ட் த பேண்ட் பிளேய்டு வால்ட்சிங் மாட்டில்டா', 1915இல் துருக்கியின் கலிப்போலியில் நடந்த போரில் காலிழந்த ஆஸ்திரேலியச் சிப்பாயின் 'நான்' பாட்டு. அவன் சூவ்லா விரிகுடாவில் வெட்டுப்பட்டதாகச் சொல்கிறான். ஆஸ்திரேலியர்கள் ஏப்ரல் 25 அன்று இறங்கியது ஆன்சாக் குடாவில். சூவ்லாவில் ஆகஸ்டில் இறங்கியவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் படையினர். தகரத் தொப்பி கொடுத்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. எஃகுத் தலைக்கவசம் பரவலாக வழங்கப்பட்டது 1916இல்தான். இரண்டையும் திருத்தினாலும் பாட்டு சொல்ல வந்ததில் எள்ளளவும் மாறாது. கலிப்போலியில் சுமார் 8,000 ஆஸ்திரேலியர்கள் இறந்ததும், மிஞ்சியவர்கள் கைகால் இழந்து திரும்பியதும் பாட்டில் உள்ளபடியே நடந்தவை.

எண்ணில் வரும் பிழை இப்படிப் போகாது. 1985இல் பால் ஹார்ட்காஸ்டில் வெளியிட்ட 'நைன்டீன்' என்ற நடனப்பாட்டு, வியட்நாமில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாயின் சராசரி வயது 19 என்கிறது. ஆவணப்படக் குரல் ஒன்றை வெட்டி ஒட்டி, அந்த எண்ணைத் திக்கித் திக்கி ஒலிக்கவைத்த பாட்டு அது. செய்தி வாசிப்பது போன்ற குரல் என்பதால் நம்பகம் கூடியது, திரும்பத் திரும்ப வந்ததால் மனதில் ஆணியடித்தது. வியட்நாமில் இறந்த அமெரிக்கப் படையினரின் சராசரி வயதோ சுமார் 23. 19 வயதில் ஆயிரக்கணக்கானோர் இறந்தது உண்மை, அது சராசரி என்பதுதான் தவறு. அந்த எண் இன்றும் மேடைப் பேச்சுகளில் உலவுகிறது.

கே சானும் ஒரு சிறு உதாரணம். ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டில் அங்கே எதிரியாக வருவது வியட் காங் கெரில்லாக்கள். 1968 ஜனவரியில் தொடங்கி 77 நாள் நீடித்த அந்த முற்றுகையை நடத்தியது பெரும்பாலும் வட வியட்நாமின் வழக்கமான ராணுவம்.

எந்தப் பிழையைப் பொருட்படுத்துவது? ஒரு கேள்வி போதும்: இதைத் திருத்தினால் பாட்டு சொல்ல வந்தது மாறுமா? கர்னலும் தகரத் தொப்பியும் கே சான் எதிரியும் மாற்றாது. 19 என்ற எண் மாற்றும், ஏனென்றால் பாட்டே அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. நியூ ஆர்லியன்ஸ் பாட்டு சொல்லாமல் விட்ட சமாதானச் செய்தியும் மாற்றும்.

## சொல்லாமல் விட்டது

பாட்டில் இருப்பதைச் சோதிப்பதைவிட இல்லாததைக் கண்டுபிடிப்பது கடினம். ஹார்ட்டன் 1960இல் பாடிய 'சிங்க் த பிஸ்மார்க்' இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற கடல் வேட்டையைச் சொல்கிறது. 1941 மே 24 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க், பிரிட்டனின் ஹூட் கப்பலை மூழ்கடித்தது. அதில் இருந்தவர்களில் மூவர் மட்டுமே பிழைத்தார்கள். மூன்று நாள் கழித்து பிஸ்மார்க் மூழ்கியது. பாட்டு இதைப் பெரும் பீரங்கிகளின் நேருக்கு நேர் மோதலாகக் காட்டுகிறது.

வேட்டையைத் தீர்மானித்தது வேறொன்று. மே 26 மாலை, ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் வீசிய டார்பிடோக்களில் ஒன்று பிஸ்மார்க்கின் சுக்கானைச் சிக்கவைத்தது. திசை திருப்ப முடியாமல் வட்டமடித்த கப்பலைத்தான் மறுநாள் காலை பீரங்கிகள் சுட்டன. ஸ்வார்ட்ஃபிஷ், துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம், அன்றைக்கே பழம்பாணி. இரும்பு மலையைத் துணி விமானம் முடமாக்கியது என்பது பாட்டுக்கு ஏற்ற அருமையான திருப்பம். ஆனால் பாட்டு ஏற்கெனவே பீரங்கி எதிர் பீரங்கி என்று முடிவுசெய்துவிட்டது. இன்னொன்றும் விடுபட்டது: பிஸ்மார்க்கில் இருந்த 2,200க்கும் மேற்பட்டோரில் பிழைத்தவர்கள் ஏறக்குறைய 115 பேர். எதிரியின் சாவு பெரும்பாலும் பாட்டில் எண்ணாகக்கூட வராது.

1962 போரைப் பற்றிய லதாவின் பாட்டிலும் பெரிய மௌனங்கள் உண்டு. பழைய .303 துப்பாக்கி, போதாத குளிர் உடை, மேலிடத்தின் தவறான கணிப்பு எதுவும் அதில் வராது. இதைச் சிலர் குற்றமாகச் சொல்வதுண்டு. அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது என்பதே இங்கே எடுக்கும் நிலைப்பாடு. அது இரங்கல் பாட்டு. புறப்பாடல் மரபில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு: இறந்தவரை எண்ணிச் செயலற்று வருந்துவது. கையறுநிலை விசாரணை நடத்தாது. போரில் என்ன தவறு நடந்தது என்று ஆராய ஹெண்டர்சன் புரூக்ஸ்–பகத் அறிக்கை தனியாக எழுதப்பட்டது. அந்த அறிக்கையைப் பூட்டிவைத்தது அரசு, பாட்டல்ல.

ஒருவர் பத்துப் பேரை வீழ்த்தி மடிந்தார் என்று அந்தப் பாட்டில் ஒரு வரி வரும். 1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் குமாவோன் படைப்பிரிவின் சுமார் 120 பேர் நின்று போரிட்டார்கள், நூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே மடிந்தார்கள். அப்படிப்பட்ட நிலைகளைக் கேட்டவருக்கு அந்த வரி மிகையாகப் படாது. ஆனாலும் பத்து என்பது கணக்கெடுப்பு எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயிரம் யானையைக் கொன்ற வீரனுக்குப் பரணி என்று நம் பாட்டியல் நூல்கள் சொல்வதும் இந்த வகை எண்தான். சீக்கியர், ஜாட், மராட்டியர், கூர்க்கா, மதராசி என்று அடுக்கி, எல்லையில் செத்த ஒவ்வொருவரும் இந்தியர் என்று முடிக்கும் வரிதான் பாட்டின் மையம். அங்கே இறந்தவர்களுக்குப் பெயர் இல்லை, இனம் மட்டும் உண்டு. தனி வீரனைப் பாடாமல் நாட்டைப் பாட அந்த ஏற்பாடு தேவைப்பட்டது.

சுருக்கமாக: பாட்டு ஒன்றை விடும்போது மறைப்பதற்காக விடுகிறதா, அதன் வகைக்கு அது ஒவ்வாததால் விடுகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

## சிப்பாய்கள் தாங்களே பாடியவை

இவ்வளவும் வீரர்களைப் பற்றிப் பிறர் கட்டிய பாட்டுகள். வீரர்கள் தாங்களே விரும்பிப் பாடியவற்றில் போர் அதிகம் வருவதில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையோடு பிரான்ஸுக்குப் போன 'டிப்பரேரி' பாட்டு 1912இலேயே வந்துவிட்டது. லண்டனில் இருக்கும் அயர்லாந்துக்காரன் ஊரில் விட்டுவந்த பெண்ணை நினைக்கும் கேளிக்கைப் பாட்டு அது. இரண்டாம் உலகப் போரின் 'லில்லி மார்லேன்' 1939இல் லாலே ஆண்டர்சன் பாடிய ஜெர்மானியப் பாட்டு. 1941இல் பெல்கிரேடு வானொலி அதை இரவுதோறும் ஒலிபரப்பத் தொடங்கியது. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியச் சிப்பாய்களும் எதிரே நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களும் அதையே கேட்டார்கள். விளக்குக் கம்பத்தடியில் காதலிக்காக நிற்கும் காவல்காரன், அவ்வளவுதான் கதை. துப்பாக்கி வெடிப்பதே இல்லை.

## ஒரு பாட்டைச் சோதிக்கும் முறை

முதலில் இசையை நிறுத்திவிட்டுச் சொற்களை மட்டும் படியுங்கள். பிரதிப்பெயர்களைக் கோடிடுங்கள். இடம், ஆண்டு, படைப்பிரிவு, எண் எதுவெல்லாம் வருகிறதோ தனியே எழுதிச் சரிபாருங்கள். உத்தரவிட்டவர், எதிரியின் சாவு, நோய், வீடு திரும்பிய பின் நடந்தது ஆகிய நான்கில் எது இல்லை என்று குறியுங்கள். பிறகு பாட்டை ஒலிக்கவிட்டு, திரும்ப வரும் வரி மற்ற வரிகளோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள்.

பலர் தவறவிடும் படி ஒன்று உண்டு: போர் நடந்த ஆண்டையும் பாட்டு வந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. போர் நடக்கும்போதே வரும் பாட்டு பெரும்பாலும் ஆள் திரட்டும் அல்லது தைரியம் சொல்லும். முடிந்த உடனே வருவது அழும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து வருவது கணக்குக் கேட்கும், ஏனென்றால் அதற்குள் முன்னாள் படையினரின் உடல்நலமும் ஓய்வூதியமும் பிரச்சினையாகியிருக்கும். நூறாண்டு தாண்டினால் சாகசக் கதையாகிவிடும், சாட்சி சொல்ல ஆள் இருக்காது. விதிவிலக்கு உண்டு, ஆனாலும் முதல் ஊகமாக இது நன்றாகவே உதவும்.

இந்த முறையை ஒரு பாட்டில் வைத்துப் பார்ப்போம். 1983இல் ரெட்கம் என்ற ஆஸ்திரேலியக் குழு வெளியிட்ட 'ஐ வாஸ் ஒன்லி நைன்டீன்', ஜான் ஷூமன் எழுதியது. கதைசொல்லி 'நான்', வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய். ஷூமன் போருக்குப் போனவரில்லை. அங்கே போரிட்ட உறவினர் ஒருவரிடம் கேட்டு எழுதினார். பயிற்சி முகாம் பக்கப்பன்யால், படைத்தளம் நுய் தாத், இரண்டும் உண்மையான இடங்கள். நிலவில் மனிதன் கால்வைத்த நாளில் நண்பன் கண்ணிவெடியை மிதித்தான் என்று பாட்டு சொல்கிறது. 1969 ஜூலை 21 அன்று அந்தப் படையில் கண்ணிவெடி வெடித்ததும் உண்மை. ஆனால் அதை மிதித்து இறந்தவர் ஓர் அதிகாரி. பாட்டில் பெயர் வரும் சிப்பாய் பலத்த காயத்தோடு பிழைத்தார். தேதி சரி, ஆள் மாறிவிட்டது.

மேலே சொன்ன கேள்வியைக் கேட்டால், இந்த மாற்றம் பாட்டு சொல்ல வந்ததைப் பாதிக்கவில்லை. உத்தரவிட்டவர்களும் எதிரியின் சாவும் இதிலும் இல்லை. வீடு திரும்பிய பின் நடந்தது மட்டும் முழுதாக இருக்கிறது: தூக்கம் வராமை, ஹெலிகாப்டர் சத்தத்துக்கு அதிர்வது, வந்து வந்து போகும் தோல் தடிப்பு. தடிப்பு ஏன் என்று பாட்டு மருத்துவரைக் கேட்கிறது. காட்டை அழிக்கத் தெளித்த ஆரஞ்சு ஏஜென்ட் என்ற களைக்கொல்லி முன்னாள் படையினரைப் பாதித்ததா என்று விசாரிக்க ஆஸ்திரேலிய அரசு ஆணையம் அமைத்தது அதே 1983ஆம் ஆண்டில்தான்.